வடக்கு அறைக்காரி

கைய ஆட்டாதீங்க அண்ணாச்சி. அந்த இடது கைய இனிமே உங்க கைனு நெனைக்காதீங்க. ஆஸ்பத்திரிக்காரன் கைனு நெனச்சுக்கோங்க. ஆட்டுனா மிஷின் கத்தும். மிஷின் கத்துனா ஜெசிந்தா சிஸ்டர் வந்து கத்தும். ரெண்டுல மிஷின் பரவாயில்ல.

டயாலிசிஸுக்கு மொத நாளாக்கும்? முகத்தப் பாத்தாலே தெரியுது. மொத நாள் வாரவுக எல்லாரும் அந்தச் செவப்புக் குழாயத்தான் பாத்துக்கிட்டுக் கெடப்பாவ. பாக்காதீங்க. நம்ம ரத்தம் வெளிய போயிட்டுத் திரும்பி வாரத மனுசன் உக்காந்து பாக்கக் கூடாது. டிவியப் பாருங்க. டிவி ஓடல, தெரியும். ஓடாட்டாலும் அங்கயே பாருங்க. நான் அப்படித்தான் பழகுனேன்.

என் பேரு ஐசக் தேவசகாயம். ரிட்டயர் ஆகுத வரைக்கும் ஸ்கூல்ல பி.டி. மாஸ்டர். இங்க எல்லாரும் பி.டி. சார்னுதான் கூப்பிடுவாவ. நீங்களும் அப்படியே கூப்பிடுங்க. நான் ரொம்பப் பேசுத ஆளு கெடையாது. பக்கத்துல புதுசா ஒருத்தர் பயந்துபோய்க் கெடந்தா ரெண்டு வார்த்தை பேசணும்லா, அதுக்காகப் பேசுதேன்.

ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிப்புடுதேன். அந்தக் கட்டில் உங்களுக்கே நெரந்தரம்னு நெனச்சிராதீங்க. அது மாடத்தியம்மா கட்டில். இன்னைக்கு பஸ்ஸு லேட்டா இருக்கும். நொச்சிகுளத்துல இருந்து வரணும், மழை வேற. வந்தா உங்கள எழும்பச் சொல்லுவா. ரத்தம் பாதி மிஷின்ல ஓடும்போது எப்படி எழும்பனு நீங்க கேக்கலாம். அவகிட்ட அதெல்லாம் செல்லாது. சிஸ்டருக்கு இது தெரியாதா என்ன? தெரிஞ்சும் உங்களக் கொண்டாந்து அங்க போட்டுட்டு, காலையில இருந்து என் மூஞ்சியப் பாக்காம அங்கிட்டும் இங்கிட்டும் போயிக்கிட்டு இருக்கு. என்ன கோவமோ. போன வாரம் தண்ணி கூடக் குடிச்சு எடை கொஞ்சம் கூடி வந்தேன், அதுக்காக இருக்கும்.

டிவி ஏன் ஓடலனா கேக்கீய? நான்தான் போட வேண்டாம்னு சொன்னேன். அது ஒரு பெரிய கதை.

இங்க ஒரே டிவிதான். அந்த மூலையில அழுக்குச் சட்டை போட்டுக்கிட்டு நிக்கானே, இசக்கி, டெக்னீசியன், அவன் ஒரு பென்டிரைவ் வச்சிருக்கான். அதுல ரெண்டு நாடகம். ஒண்ணு பேய் நாடகம், பேரு 'வடக்கு அறை'. இன்னொண்ணு வெளிநாட்டு நாடகம், தமிழ்ல பேசுத மாதிரி மாத்திருக்கான், பேரு 'கடைசி முகாம்'. உலகமே ஒரு நோயில அழிஞ்சு போயிட்டு. மிச்சம் கொஞ்சப் பேருதான். அவனுவ எப்படிப் பொழைக்கானுவ, அதுதான் கதை. பாத்திருக்கீயளா? பாக்கலயா. பாக்கணும் அண்ணாச்சி. அது நாடகம்.

நான் ஏன் சொல்லுதேன்னா, அதுல ஒரு ஒழுங்கு இருக்கும். தலைவன்னு ஒருத்தன் இருப்பான். அவன் சொன்னா நிக்கணும், சொன்னா நடக்கணும். யாரு முன்னால போறது, யாரு பின்னால பாக்கது, ராத்திரி யாரு காவல், எல்லாம் பேசி வச்சிருப்பானுவ. சாப்பாட்டப் பங்கு போட்டுத் திம்பானுவ. முப்பது பிள்ளையள வரிசையா நிப்பாட்டவே நான் தொண்டை கிழியக் கத்தியிருக்கேன், எனக்குத் தெரியும் அது எவ்வளவு கஷ்டம்னு. பேய் நாடகத்துல என்ன இருக்கு சொல்லுங்க? ஒரு பெரிய வீடு. வடக்குப் பக்கம் பூட்டிக் கெடக்க ஒரு அறை. கல்யாணமாகி வந்த பொண்ண யாரோ கொன்னு உள்ள வச்சுச் சுவரு எழுப்பிட்டாவ. அவ மாமியாவும் அண்ணனும் இன்னமும் அந்த வீட்டுலயே ஒரு பக்கம் இருக்காவ, மறுபக்கம் வாடகைக்கு. பொழுது சாஞ்சா வளையல் சத்தம் கேக்கும். புதுசாக் குடிவந்த குடும்பம் அலறும். மறுநாளும் கேக்கும். மறுநாளும் அலறும். நான் கேக்கேன், வீட்டக் காலி பண்ணிட்டுப் போக வேண்டியதுதான? பேய் இருக்குனு தெரியுது. வாடகை வீடுதான. வேற வீடா கெடைக்காது?

இதத்தான் மாடத்தியம்மாகிட்டயும் கேட்டேன். அவ அந்தக் கட்டில்ல, நீங்க கெடக்கீயளே, அங்க கெடந்துக்கிட்டு, "அவுக வேணா காலி பண்ணட்டும் சார், அந்தப் பொண்ணு ஏன் காலி பண்ணணும்? அது அவ வீடு"ங்கா. பேய்க்கு வீடாம். பட்டா போட்டுக் குடுத்த மாதிரி பேசுவா.

மாடத்தியம்மா யாருனு சொல்லலயே. பீடி சுத்துத பொம்பள. புருசன் போயிட்டாரு, பிள்ளை கெடையாது. தம்பி வீட்டுல இருக்கா. இங்க வாரதுக்கு முந்தி ரொம்ப மோசம்னு சிஸ்டர் சொல்லும். ஒரு தடவ வருவா, ரெண்டு தடவ வரமாட்டா. மூச்சு முட்டி, முகமெல்லாம் வீங்கி, ஆம்புலன்ஸ்ல தூக்கியாருவாவளாம். "எதுக்கு சிஸ்டர், எனக்காக அவன் வேலையக் கெடுத்துக்கிட்டு"ம்பாளாம். அவன்னா தம்பி. அதெல்லாம் நான் வாரதுக்கு முன்னாடி. நான் வந்த பெறவு, நடுவுல ஒரு வாரம் தவிர, ஒரு நாளும் தவறுனது இல்ல. மொத பஸ்ஸுக்கே வந்து நிப்பா.

ஏன்னா நான் ஒரு சட்டம் போட்டேன். யாருக்கு மொதல்ல ஊசி ஏறுதோ அவுக கையில ரிமோட்டு. சண்டை கூடாது, கூச்சல் கூடாது, வரிசைப்படி. நல்ல சட்டந்தான? ஆனா அந்தம்மா அதுலயும் என்னைத் தோக்கடிக்கப் பாத்தா. நான் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல இருக்கவன், நொச்சிகுளத்துல இருந்து வாரவ எனக்கு முந்தி வந்து எடை மிஷின்ல ஏறி நின்னுக்கிட்டுச் சிரிப்பா. தம்பிகாரன் வெள்ளனவே பைக்குல கொண்டாந்து பஸ் ஏத்தி விடுவானாம். நானும் பல்லு விளக்கியும் விளக்காமயும் ஓடியாருவேன். ஜெசிந்தா சிஸ்டர் சொல்லும், "உங்க ரெண்டு பேருக்கும் ஆஸ்பத்திரினு நெனப்பா, பஸ்ஸுல சீட்டுப் புடிக்க நெனப்பா"னு. அது சிரிச்சுக்கிட்டேதான் சொல்லும். எனக்கு எரிச்சலா வரும்.

இன்னொரு சங்கதி கேளுங்க. நமக்குத் தண்ணி அளவு உண்டுல்லா, உங்களுக்கும் சொல்லிருப்பாவ. நாக்கு ஒட்டிக்கிட்டுக் கெடக்கும். 'கடைசி முகாம்'ல அவனுவ நாள்பூரா தண்ணியத் தேடி அலைவானுவ. கடைசியில ஒரு ஓடையப் பாத்துட்டு முகத்த உள்ள விட்டுக் குடிப்பானுவ. கழுத்துல எல்லாம் வழியும். அப்பம் இந்த வார்டே கப்சிப்னு ஆயிரும். அத்தன பேரும் எச்சில் முழுங்குவோம். மாடத்தியம்மா முகத்தத் திருப்பிக்கிட்டு, "இது நாடகமா சார், இது சித்திரவதை. அமத்துங்க"ம்பா. நான் விடுவனா? "உங்க பேய் நாடகத்துல மட்டும் என்ன, பேயப் பாத்துப் பாத்து ஒரு சொம்புத் தண்ணி குடிக்காளே குடிவந்த வீட்டு மருமவ"ம்பேன். "அவ பயத்துல குடிக்கா, ஒங்க ஆளு ருசிச்சுக் குடிக்கான்"ம்பா. பதில் வச்சிருப்பா அண்ணாச்சி. எதுக்கும் பதில் வச்சிருப்பா.

பேய் நாடகம் ஏன் நல்லதுனு ஒரு நாள் விளக்கம் சொன்னா. கேளுங்க. "பேய்னா செத்த பெறவும் ஒரு வேலை பாக்கி இருக்குனு அர்த்தம் சார். அவளுக்கு ஒரு நியாயம் வேணும், கேக்கா. ஒங்க ஆளுவளுக்கு என்ன வேலை இருக்கு? இருக்கணும், இருக்கணும்னு ஓடுதானுவ. இருந்து என்ன செய்யப் போறானுவ?"

இருந்து என்ன செய்யவா! இருக்கதுதான் வேலை. நான் சொன்னேன். அவ சிரிச்சா. அந்தச் சிரிப்புக்கே அவள ரெண்டு ரவுண்டு கிரவுண்ட சுத்தவிட்டிருப்பேன், என் ஸ்கூல்ல படிச்சிருந்தா.

சரி, சண்டைக்கு வாரேன். ஆடி மாசம். அன்னைக்கு ரிமோட்டு என் கையில. 'கடைசி முகாம்'ல ஒரு பாலம் வருது. பாலம் இடியப் போகுது. வேகமாக் கடக்கணும். ஒரு வயசான பொம்பள நடக்க முடியாம நிக்கா. தலைவன் அவள விட்டுட்டு மத்தவங்களக் கூட்டிக்கிட்டுப் போறான். எனக்கும் கஷ்டமாத்தான் இருந்துச்சு. ஆனா அவன் இடத்துல இருந்தா நானும் அதத்தான செய்யணும்? கூட்டத்தக் காப்பாத்தணும்லா. மாடத்தியம்மா தலையணையில இருந்து தலையத் தூக்கி, "ஒங்க தலைவன் லெச்சணம் இதானா?"ன்னா. நான் நியாயத்த எடுத்துச் சொன்னேன். கேட்டுக்கிட்டே கெடந்தா. அப்புறம் மெதுவா ஒண்ணு சொன்னா.

"சார், இத்தன நாளாப் பாக்கேன். அந்தக் கூட்டத்துல நம்மள மாதிரி ஒரு ஆளக் காட்டிருக்கானா? கரண்டு கெடையாது. மிஷின் கெடையாது. நம்மளத் தலைவன் விட்டுட்டுப் போக வேண்டிய அவசியமே இல்ல. கதை ஆரம்பிக்கதுக்கு முந்தியே நம்ம சோலி முடிஞ்சிருக்கும். நீங்க யாருக்காக சார் கைதட்டுதீய?"

பாருங்க அண்ணாச்சி. ஒரு மனுசன் நாலு மணி நேரம் நிம்மதியா ஒரு நாடகம் பாக்கான். அவன்கிட்டப் பேசுத பேச்சா இது? அபசகுனம் புடிச்ச பேச்சு. வார்டுல எல்லாரும் கேட்டுக்கிட்டுக் கெடக்காவ. இசக்கி கூடத் திரும்பிப் பாத்தான். எனக்குக் காதெல்லாம் சூடாயிட்டு. பி.பி. ஏறி மிஷின் கத்த ஆரம்பிச்சிட்டு. அது வேற.

அதான் சொல்லிட்டேன். "உங்க வடக்கு அறைக்காரியக் கொன்னது மாமியா இல்ல. அவ சொந்த அண்ணன்தான்"னு.

எனக்கு எப்படித் தெரியும்னா, என் மக போன்ல அந்த நாடகம் முழுசும் இருந்துச்சு. சர்ச்சுக்குப் போயிட்டு வந்து மிச்ச எபிசோடு எல்லாத்தையும் பாத்து முடிச்சிருந்தேன். புடிச்சுப்போயிப் பாக்கல. குத்தம் கண்டுபிடிக்கதுக்குத்தான் பாத்தேன். குத்தம் கண்டுபிடிக்கணும்னா முழுசாப் பாத்தாகணும்லா.

மாடத்தியம்மா, மாமியாதான் கொன்னானு அடிச்சுச் சொல்லிக்கிட்டு இருந்தா. மாமியா மூஞ்சி ஸ்க்ரீன்ல வந்தாலே கெட்ட வார்த்தை சொல்லுவா. நான் சொன்னதும் ஒரு வார்த்தைதான் கேட்டா. "கூடப் பொறந்தவனா?"

"ஆமா. சொத்துக்காக"ன்னேன்.

அம்புட்டுத்தான். போர்வைய இழுத்துத் தலைக்கு மேல மூடிக்கிட்டா. மிச்ச நேரம் முழுசும் போர்வைக்குள்ளயே கெடந்தா. நான் ஜெயிச்சிட்டேன்னு நெனச்சேன். சொல்லப்போனா, ஜெயிச்சதுதான.

வியாழக்கிழமை அவ வரல. நான் மொத ஆளா வந்து, ஊசி போட்டு, ரிமோட்டக் கையில வச்சுக்கிட்டுக் கெடந்தேன். 'கடைசி முகாம்' போட்டேன். அவனுவ ஓடுதானுவ, ஒளியுதானுவ. ஒண்ணும் மனசுல ஏறல. அந்த எபிசோடு கொஞ்சம் சுமாரா எடுத்துட்டான்னு நெனச்சேன். சனிக்கிழமையும் வரல. நாடகம் அன்னைக்கும் சுமார்தான். சிஸ்டர் தம்பிகாரனுக்குப் போன் போட்டுச்சு. "வரமாட்டேங்கா சிஸ்டர், நான் என்ன செய்ய"ன்னானாம். இன்னும் ரெண்டு தடவ விட்டா ஆளத் தூக்கித்தான் வரணும், அப்புறம் அதுவும் முடியாதுனு சிஸ்டர் என்னப் பாத்துச் சொல்லுச்சு. என்கிட்ட எதுக்குச் சொல்லணும்?

நான் அந்தப் பக்கம் போனது வேற சோலிக்கு. என்கிட்டப் படிச்ச பையன் ஒருத்தன் நொச்சிகுளத்துல இருக்கான், ரொம்ப நாளா வரச்சொல்லிக்கிட்டு இருந்தான். பஸ்ஸ விட்டு எறங்குனா மாடத்தி வீட்டத் தாண்டித்தான் போகணும். கொஞ்சம் சுத்து, ஆனா தாண்டித்தான் போகணும்.

தம்பிகாரன் வாசல்லயே நின்னான். நல்ல பையன். கண்ணு செவந்து போயிருந்துச்சு. "சார், பைக்க எடுத்து வச்சிக்கிட்டு நிக்கேன், ஏற மாட்டேங்கா. என் கையால ஒரு வாய்க் கஞ்சி வாங்க மாட்டேங்கா. 'ஒனக்கு எதுக்குடா பாரம், விட்ரு'ங்கா. நான் என்ன சார் குத்தஞ் செஞ்சேன்?"னு கேக்கான். எனக்கு என்ன தெரியும் அவுக குடும்ப விவகாரம்?

உள்ள போனேன். சுவத்துல சாஞ்சு உக்காந்திருந்தா. படுத்தா மூச்சு முட்டுதுன்னு உக்காந்துக்கிட்டே இருக்கா. முகம் வீங்கி, கண்ணு உள்ள போயி, ஆளே அடையாளம் தெரியல. முறத்துல பீடி இலை அப்படியே காஞ்சு கெடக்கு. என்னப் பாத்துட்டு, "வாங்க சார்"னா. அந்த ரெண்டு வார்த்தைக்கே மூச்சு வாங்குச்சு.

நான் என்ன சொல்ல வந்தேன்னு எனக்கே தெரியல. பிள்ளையள மெரட்டித்தான் பழக்கம். "எழும்பு, கெளம்பு"னு மெரட்டிப் பாத்தேன். அசையல. அப்பம்தான் என் வாயில இருந்து வந்துச்சு. நான் பொய் சொல்லுத ஆளு கெடையாது அண்ணாச்சி. பிள்ளையள் பொய் சொன்னா முட்டி போட வச்சிருக்கேன். ஆனா அன்னைக்குச் சொன்னேன்.

"அண்ணன் கொல்லல. உன்ன வெறுப்பேத்தச் சொன்னேன். அவன் தங்கச்சியக் காப்பாத்தத்தான் வந்தான். பாவம், பழி அவன் மேல விழுந்துட்டு"ன்னேன்.

அவ என்னையே பாத்தா. "அப்போ யாரு?"ன்னா.

"வந்து பாரு"ன்னேன்.

சுவத்தப் புடிச்சுக்கிட்டு நிமுந்து உக்காந்தா. அப்புறம் வாசல் பக்கம் பாத்து, "ஏலே, வண்டிய எடு"ன்னு தம்பியக் கூப்பிட்டா. அவன் ஓடிவந்து கையப் புடிச்சான். புடிக்கவிட்டா. அன்னைக்கே அவசரமா மிஷின்ல போட்டாவ. பொழச்சிட்டா. நான் அப்படியே பஸ் ஏறிட்டேன். அந்தப் பையன் வீட்டுக்குப் போகத் தோணல.

அப்புறந்தான் வந்துச்சு வினை. நாடகம் முடியும்லா? கடைசி எபிசோடுல அண்ணன்தான் கொன்னான்னு காட்டிருவான்லா? நான் இசக்கியத் தனியாக் கூப்பிட்டு, "அந்தக் கடைசி எபிசோடு எல்லாத்தையும் எடுத்துரு"ன்னேன். எடுத்துட்டான். மாடத்தி கேட்டப்ப, "பென்டிரைவ் கெட்டுப்போச்சு பெரியம்மா, இதுக்கு மேல இல்ல"ன்னான். அவ என் பக்கம் திரும்புனா. "ஒங்களுக்குத்தான் கதை தெரியும்லா. சொல்லுங்க"ன்னா.

என்னத்தச் சொல்ல? இருக்கத மறைக்கணும், இல்லாததச் சொல்லணும். பி.டி. மாஸ்டர் பேய்க்கதை சொல்லணும். ஆரம்பிச்சேன். மாமியாவும் இல்லனுட்டேன். வேற யாருனு அவ கேட்டா, "பொறு"ன்னேன். பொழுது எப்படிப் போகணும்? அந்தப் பொண்ணுக்கு வேலை குடுத்தேன். குடிவந்த வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல், பேய் வந்து கிட்ட உக்காந்து விசிறிவிட்டுச்சுன்னேன். அந்த வீட்டு மருமவளப் புருசன் அடிக்க வாரான், பேய் அவன் கையப் புடிச்சிக்கிட்டுன்னேன். மாடத்தி எல்லாத்தையும் ஒத்துக்கிட மாட்டா. "அவ அப்படிச் செய்ய மாட்டா சார். அவ கொணம் அது இல்ல"ம்பா. கதை சொல்லுதவன் நான், கொணம் அவளுக்குத் தெரியுமாம். ஒரு நாள் சொல்ல ஒண்ணும் கெடைக்காம, ஊருல கரண்டு போயிட்டு, எல்லாரும் மூட்டையக் கட்டிக்கிட்டு நடக்காவனு சொல்லிப்புட்டேன். "ஒங்க நாடகத்த இங்க கொண்டாராதீங்க"ன்னு ஒரே சத்தம்.

அதுல இருந்து டிவி போடுததே இல்ல. சுத்திக் கெடக்கவுகளும் கதை கேக்க ஆரம்பிச்சிட்டாவ. இசக்கி கூட மிஷின் பக்கத்துல சும்மா நின்னுக்கிட்டுக் கேப்பான். எனக்கு அலுப்புத்தான். வீட்டுல உக்காந்து அடுத்து என்ன சொல்லனு யோசிச்சே தலைவலி. என் மக கேக்கா, "என்னப்பா, தனியாப் பேசுதீங்க"னு. ரொம்ப அலுப்பு அண்ணாச்சி. ஆனா ஒவ்வொரு நாளும் முடியும்போது ஒரு முடிச்சப் போட்டு நிப்பாட்டிருவேன். முடிச்ச அவுக்க வந்துதான ஆகணும் அவ. வந்தா. ஆவணி, பெரட்டாசி, ஐப்பசி, எல்லாம் வந்தா.

போன சனிக்கிழமை அவளுக்கு முடியல. காலு ரெண்டும் குரண்டு இழுத்துக்கிட்டு. பி.பி. எறங்கிட்டு. சிஸ்டர் பாதியிலயே மிஷின நிப்பாட்டிட்டு. கட்டில்ல அப்படியே கெடந்தா. நான் அன்னைக்கு நல்லாச் சொல்லிக்கிட்டு இருந்தேன், கெணத்துக்குள்ள இருந்து ஒரு பெட்டி கெடைக்குனு. அவ கண்ண மூடிக்கிட்டு, "சார், போதும். அவள அனுப்பிருங்க"ன்னா.

"யார?"ன்னேன்.

"அவளத்தான். வடக்கு அறைக்காரிய."

"இன்னும் நியாயம் கெடைக்கலயே. யாரு கொன்னானே தெரியலயே"ன்னேன்.

"நியாயம் கெடக்கட்டும் சார். அவளுக்குக் கால் வலிக்காதா? எத்தன வருசமா அந்த ஒரு அறைக்குள்ளயே நடக்கா. அனுப்பிருங்க"ன்னா.

நான் மாட்டேன்னுட்டேன். எனக்குக் கோவம் வந்துட்டு. கஷ்டப்பட்டு ஒரு பெட்டியக் கெணத்துல இருந்து எடுத்துக் குடுக்கேன், அதுல என்ன இருக்குனு ஒரு வார்த்தை கேக்கல. என் கதை சலிச்சிட்டுனா நேரா சொல்லலாம்லா. "செவ்வாக்கெழம வா, பெட்டிக்குள்ள என்ன இருக்குனு சொல்லுதேன்"னு சொல்லிட்டு முகத்தத் திருப்பிக்கிட்டேன். தம்பிகாரன் வந்து தாங்கிக் கூட்டிக்கிட்டுப் போனான். போகும்போது அவ என்னமோ சொன்னா, எனக்குக் கேக்கல. கேக்காத மாதிரி இருந்தேன்.

இன்னைக்குச் செவ்வாய்தான? மழைக்கு அந்தத் தரைப்பாலத்துல தண்ணி வந்திருக்கும். பஸ்ஸு சுத்தித்தான் வரணும்.

இந்தா சிஸ்டர் வருது. இப்பம்தான பி.பி. பாத்துச்சு. என்ன சிஸ்டர்? எனக்கு ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் இருக்கேன். இவருகிட்டச் சும்மா பேசிக்கிட்டு இருக்கேன். உக்காருதீயளா? நீங்க உக்கார மாட்டீயளே. என்ன, சொல்லுங்க.

எப்பம்?

ஞாயித்துக்கெழமையா.

வீட்டுலயா? தம்பி பக்கத்துல இருந்தானா?

அவன் மடியிலயா. சரி. சரி சிஸ்டர்.

ஏன் காலையிலயே சொல்லல? ஊசி போட்ட பெறவு சொன்னாத்தான் எழும்பிப் போக மாட்டேன்னு பாத்துக்கிட்டு இருந்தீயளாக்கும். இல்ல, சரிதான். நல்லதுதான் செஞ்சீய. போயிருப்பேன். நீங்க போங்க. எனக்கு ஒண்ணும் வேண்டாம். அழாதீங்க சிஸ்டர், உங்களுக்கு இன்னும் எத்தன பேரு இருக்காவ பாக்க.

கேட்டீயளா அண்ணாச்சி. ஞாயித்துக்கெழமையாம்.

நீங்க எழும்பாதீங்க. எங்க எழும்புதீய? அது இப்பம் உங்க கட்டில்தான். படுங்க.

முடிச்சா வரமாட்டாளேன்னுதான் நான் முடிக்கல. உங்ககிட்டச் சொல்லுததுக்கு என்ன. அந்தப் பேயி இருக்க வரைக்கும் இவளும் இருப்பானு நெனச்சேன். கோட்டிக்காரத்தனம். அவ கேட்டது ஒண்ணே ஒண்ணு. வாய்ல சொல்லுத காரியந்தான, அதுல எனக்கு என்ன கொறஞ்சிரும்? சொல்லல. அவ மாடத்தி, அவளும் ஒண்ணும் வற்புறுத்தல. வற்புறுத்திருக்கலாம்லா. எல்லாத்துக்கும் சண்டை போடுதவ, அதுக்குப் போட்டிருக்கலாம்.

இந்த ஊசி போட்ட கைய வச்சுக்கிட்டுக் கண்ணத் துடைக்கவும் முடியல. இருக்கட்டும்.

அண்ணாச்சி, நீங்க கேளுங்க. யாராவது ஒருத்தர் கேக்கணும். அந்தப் பொண்ணு இன்னைக்குக் கெளம்புதா. மந்திரவாதி கெடையாது, ஆணி கெடையாது, தீ கெடையாது. நல்லா வெயில் ஏறுன பெறவு, வீட்டுல எல்லாரும் அவங்கவங்க வேலையப் பாத்துக்கிட்டு இருக்க நேரத்துல, வடக்கு அறைக் கதவ அவளே தெறந்துக்கிட்டு வாரா. அடுப்படியில மாமியா காப்பி ஆத்திக்கிட்டு இருக்கா. அவளப் பாக்கா. ஒண்ணும் கேக்கல. முத்தத்துல அண்ணன் உக்காந்திருக்கான். அவனையும் பாக்கா. யாரு செஞ்சானு அவளுக்குத் தெரியும், மொத நாள்ல இருந்தே தெரியும். கேக்கல. வாசல்ல யாரோ ஒரு சோடி செருப்பு விட்டிருக்காவ. அதுல கால நுழைச்சுக்கிட்டா. ரொம்ப நாளைக்கு அப்புறம் செருப்பு போடுதால்லா, கொஞ்சம் தடுமாறுச்சு. அப்புறம் சரியாயிட்டு. தெருவுல எறங்கி நடந்தா. யாரும் அவள வெரட்டல. யாரும் அவள நிப்பாட்டவும் இல்ல.

அம்புட்டுத்தான். போயிட்டா.

நீங்க கண்ண மூடித் தூங்குங்க அண்ணாச்சி. இன்னும் ரெண்டு மணி நேரம் கெடக்கு.